போர்டு கட்டி முடிப்பதற்குள்

‘வீடு விற்பனைக்கு’ போர்டைக் கேட்டில் கட்டி முடிப்பதற்குள் வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டது. லாயிட் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றார்.

பெயர் கிரேஸ். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற டீச்சர்.

"எவ்வளவு சொல்றீங்க சார்?"

"ஒண்ணு இருபது." கோடி என்று அவன் சேர்க்கவில்லை. ஜோகுபாளையத்தில் அது சொல்லாமலே விளங்கும்.

அவர் பேரம் பேசவில்லை. கைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து, அட்வான்ஸாக ஒரு லட்சத்துக்கு எழுதிக் கிழித்து மேஜைமேல் வைத்தார். "இன்னைக்கே ஒரு பதில் சொல்லிடுங்க சார். எங்கம்மாவால இனிமே ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது."

புரோக்கர் தேசிகன் லாயிட்டை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "ஸ்வல்ப பொறுங்க சார். முதல்ல வர்றவங்களுக்குப் பொண்ணும் குடுக்கக் கூடாது, வீடும் குடுக்கக் கூடாது. ஒரு மாசம் விட்டா ஒண்ணு முப்பது கண்ணை மூடிட்டு வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போர்டே இப்பத்தான் கட்டறோம். நான் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல. இந்தம்மா எப்படி செக் புக்கோட வந்து நிக்குது?"

லாயிட்டும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். வீட்டை விற்கப்போவது அவனைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் தேசிகன். இன்னொருவன் ஆண்டனி, அவன் மனைவி ஜூலியாவின் தம்பி.

ஜூலியா போய் எட்டு மாதம் ஆகிறது. போன ஆகஸ்டில் வயிறு வலிக்கிறது என்றாள். வேண்டாம் வேண்டாம் என்றவளை அவன்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். அக்டோபரில் அவள் பெட்டிமேல் ஒரு பிடி மண் போட்டான். அதன் பிறகு அவனுக்கு மிஞ்சிய சொந்தம் ஆண்டனி ஒருவன்தான்.

"பின்பக்கம் பார்த்துக்கறேன் சார்" என்று கிரேஸ் சமையலறைக்குள் நடந்தார்.

பின்கதவு கீல் இறங்கிப்போன கதவு. புதிதாக வருகிற யாரும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு அவனைத்தான் கூப்பிடுவார்கள். கிரேஸ் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தார், முழங்காலால் கீழே ஒரு தட்டுத் தட்டினார். கதவு திறந்துகொண்டது.

லாயிட் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றான். அந்த வித்தை அவனுக்குத் தெரியும், ஜூலியாவுக்குத் தெரியும். மாற்றுச் சாவி வைத்திருக்கிற ஆண்டனிக்கும் தெரியும்.

வாசலுக்கு வந்து போன் போட்டான்.

"எவ்வளவு கமிஷன்டா பேசினே?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"நான் ஆபீஸ் போனப்புறம் சாவி போட்டுத் திறந்து ஆளுங்களுக்கு வீட்டைக் காட்டியிருக்கே. உங்கக்கா போய் ஒரு வருஷம்கூட ஆகலடா."

"ஐயோ, அக்கா மேல சத்தியமா எனக்கு..."

"அவ பேரை எடுக்காதே. அஞ்சு வருஷத்துல அவ எங்கிட்ட ஒரு சின்ன விஷயத்தைக்கூட மறைச்சதில்ல. அவளுக்குப் போய் நீ தம்பி! சாயங்காலம் சாவியை வெச்சிட்டுப் போயிடு. அப்புறம் இந்தத் தெருப் பக்கமே தலைகாட்டாதே."

மறுமுனையில் ஆண்டனி அழுவது கேட்டது. லாயிட் போனை வைத்தான்.

உள்ளே வந்து செக்கை எடுத்து நீட்டினான். "வீடு உங்களுக்கு இல்லம்மா. ஆண்டனிகிட்ட ஏதாவது குடுத்திருந்தா அவன்கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க."

"ஆண்டனியா? அது யாரு சார்?"

"இந்தக் கதவை எப்படித் திறக்கணும்னு உங்களுக்குக் கத்துக்குடுத்தவன்."

கிரேஸ் செக்கை வாங்கவில்லை. அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அது ஜூலியா கத்துக்குடுத்தாங்க சார். ஸ்கேன் சென்டர்ல பழக்கம். நான் எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்திருந்தேன். அவங்க தனியா உக்காந்திருந்தாங்க. வீடு தேடறேன்னு சொன்னதும் கையோட இங்க கூட்டிட்டு வந்து காட்டினாங்க. 'எனக்கப்புறம் அவர் இங்க இருக்க மாட்டாரு, வித்துடுவாரு. விலை பேசாம வாங்கிக்கோங்க'ன்னாங்க. ஸ்கூலுக்குப் போற வழிதானே... தினம் உங்க கேட்டைப் பார்த்துக்கிட்டேதான் போவேன்."

லாயிட்டின் கையில் செக் அப்படியே நின்றது.

"எப்போ... ஆகஸ்ட்லயா?"

"இல்ல சார். போன வருஷம் பிப்ரவரியில."