எனக்கும் ஓர் ஊதல்

ரெஜினா வீட்டு டிவிக்குக் கீழே பழைய கேம் பெட்டியும் புதிய கேம் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழையதில் படம் வராவிட்டால் ரெஜினா கேசட்டை உருவி, உஃப் என்று ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவாள்.

"உன்மேல்தான் அவளுக்குப் பாசம். எனக்கு ஒரு ஊதல்கூடக் கிடையாது," என்று புதியது பொருமியது.

"நீதான் மக்கர் பண்ணுவதே இல்லையே," என்றது பழையது.

அன்று மாலை புதியதில் டிஸ்க் ஓடவில்லை.

"போச்சு! என்னைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள்," என்று அது நடுங்கியது.

ரெஜினா டிஸ்க்கை வெளியே எடுத்தாள். பழக்கதோஷத்தில் உஃப் என்று ஊதினாள். மறுபடி போட்டதும் படம் வந்தது.

"ஊதினாள்! என்னுடையதையும் ஊதினாள்!"

"பார்த்தேன்," என்றது பழையது. "இனி வசதியாக உட்கார். நீயும் இங்கே ரொம்ப வருஷம் இருக்கப்போகிறாய்."