பெர்சியின் ஓட்டு

"உங்க தலைவர் கையில ஒரு முள்ளங்கியக் குடுத்தாக்கூட, அதையும் திவாலாக்கிட்டுத்தான் திருப்பிக் குடுப்பாரு!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெர்சி கைத்தடியை ஆட்டினார்.

"உங்காளு கையில குடுத்தா அது திரும்பியே வராது. பணக்காரக் கூட்டாளி எவனோட தட்டுலயாவது கிடக்கும்!" இந்தப் பக்கமிருந்து டெரெக் கத்தினார்.

யார்க்‌ஷயரின் ஆஷ்தோர்ப் நகராட்சி வாடகைக்கு விட்டிருக்கும் காய்கறித் தோட்டங்களில் இருவருக்கும் அடுத்தடுத்த துண்டு. பெர்சி ஆணி, பூட்டுக் கடை வைத்திருந்தவர். அவருடைய அவரைப் பந்தலில் கன்சர்வேடிவ் கட்சியின் நீலத் தட்டி. டெரெக் பஸ் ஓட்டியவர். அவர் பந்தலில் லேபர் கட்சியின் சிவப்பு. நாற்பது வருடச் சண்டை. இவர்கள் போடும் சத்தத்துக்குப் பயந்துதான் முட்டைக்கோஸ்கள் அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்கின்றன, அதனால்தான் வருடா வருடம் பரிசு வாங்குகின்றன என்று அங்கே பேச்சு.

"வெண்ணெய் விலை ஏறினது யாரால?" என்றார் பெர்சி.

"உங்காளால."

"கரண்ட் பில்லு?"

"அதுவும்தான்."

"நாலு நாளா மழை விடலையே, அது?"

"பதினாலு வருஷம் ஆட்சியில இருந்தும் கூரையை ரிப்பேர் பண்ணாம விட்டது யாரு?"

பெர்சி தடியை ஊன்றி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பு எலும்பு தேய்ந்து இரண்டு வருடமாகிறது. "சரி, அந்த நீச்சல் குளத்தை ஏன் மூடினாங்கன்னு சொன்னியே, இன்னொரு தடவை சொல்லு. பதில் யோசிக்கணும்."

"மூணாவது தடவையா கேக்குற! காதும் போச்சா?"

இருந்தாலும் டெரெக் முதலிலிருந்து சொன்னார். பெர்சி வழக்கத்துக்கு மாறாகக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"ஆஸ்பத்திரியில தேதி குடுத்துட்டான். ரெண்டு வருஷம் காக்க வச்சு, கரெக்டா தேர்தல் அன்னிக்கு!"

டெரெக்கின் முகம் மாறியது. பெர்சி ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒரு ஓட்டைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு முறை காய்ச்சலோடு பைஜாமாவில் வந்து போட்டுவிட்டுப் போனவர்.

"தபால்ல அனுப்பிடு."

"என் ஓட்டு பெட்டிக்குள்ள விழுறதை ஒரு மனுஷன் கண்ணால பார்க்கணும்."

"உன் மக?"

"அவ ஆஸ்திரேலியாவுல கங்காருவுக்கு ஓட்டுப் போட்டுக்கிட்டிருக்கா. எனக்குப் பதிலா ஒருத்தர் போய்ப் போடலாமாம், ஃபாரம் அனுப்பிட்டேன்." பெர்சி தொண்டையைச் செருமினார். "உன் பேரை எழுதிட்டேன்."

டெரெக் கையிலிருந்த பூவாளி காலில் விழுந்தது. "யோவ், உனக்கு மயக்க மருந்து இப்பவே குடுத்துட்டாங்களா? நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதான் குடுத்தேன்."

"யாருக்குப் போடணும்?"

"அதை நான் சொல்லணுமா? உன் மனசாட்சிக்கே விட்டுட்டேன். அப்படி ஒண்ணு உனக்கு இருந்தா!"

அந்த ஒரு வார்த்தை டெரெக்கைத் தூங்கவிடவில்லை.

தேர்தல் நாளான வியாழக்கிழமை, ஓட்டுச்சாவடி இருந்த சர்ச் மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் அவர் மனைவி மேவிஸ் விடவில்லை.

"போன தடவை பதினோரு ஓட்டுல தோத்தோம், டெரெக். பதினோரே ஓட்டு! ரெண்டையும் நம்மளுக்கே போடு. உள்ள வந்து யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேனே!"

முப்பது வருடம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஊரார் பாஸையெல்லாம் சரிபார்த்தவர், அடையாளத்துக்குத் தன்னுடைய பஸ் பாஸை நீட்டி இரண்டு ஓட்டுச் சீட்டு வாங்கினார். முதல் சீட்டில் லேபருக்குப் பெருக்கல் குறி போட அரை நொடிதான் ஆனது. இரண்டாவது சீட்டோடு அவர் நின்ற நேரத்துக்குத் தாடியே வளர்ந்து மேஜையைத் தொட்டிருக்கும். நூலில் கட்டிய பென்சிலை எடுத்தார். கண்ணை இறுக மூடித் திறந்து, நீலக் கட்சிக்காரனின் பெயருக்கு நேரே வாழ்க்கையில் முதல்முறையாகக் குறி போட்டார். வெளியே வந்ததும் குழாயடிக்குப் போய்க் கையை மூன்று முறை கழுவினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெர்சி தலையணையில் சாய்ந்து, பட்டம் சூட்டிய ராஜா மாதிரி இருந்தார்.

"புது இடுப்புய்யா! மதியமே எழுப்பி நிக்க வச்சுட்டாங்க. அடுத்த தேர்தலுக்கு ஓடியே வந்து போடுவேன், பாரு." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "போட்டியா?"

"போட்டேன்." டெரெக் தொப்பியைக் கழற்றினார். "உன் நம்பிக்கைக்குத் துரோகம் பண்ணலைய்யா. மேவிஸ் எவ்வளவோ சொன்னா. எங்கப்பா கல்லறையில புரண்டிருப்பார். ஆனாலும் உன் ஓட்டை உன் நீலத்துக்கே போட்டேன்."

பெர்சி கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் பதறி ஓடி வந்து நாடி பிடித்துப் பார்க்கும் அளவுக்கு நேரம் போனது. பிறகு படுக்கையில் கைக்கெட்டிய திராட்சைக் கொத்தை எடுத்து டெரெக் மேல் வீசினார்.

"அட மடையா! நாப்பது வருஷமா நீ கத்திக் கத்தி என் மனசை மாத்திட்ட, அதை உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, எப்படியும் திருட்டுத்தனமா உன் கட்சிக்கே போட்டுருவேன்னு நம்பித்தானே உங்கிட்ட குடுத்தேன்!"