அம்மாவின் பத்து நிமிடம்

வெளிநாட்டிலிருந்து வரும் அரும்பொருள்களுக்கு இப்போது பணமாக வரி வாங்குவதில்லை. பொருளிலேயே நூற்றுக்கு நாற்பது பங்கை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்.

சுடர்க்கொடி பெர்லின் ஏலத்தில் வாங்கிய ஒலிநாடா சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தது. பாடகியாக இருந்து மறைந்த அவள் அம்மா, வீட்டில் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்தது. அந்தப் பாட்டுக்கு வேறு பதிவு இல்லை.

சுங்க அதிகாரி தாவீது ஹெட்போனை நீட்டினார். "மொத்தம் பத்து நிமிஷம்மா. நாலு நிமிஷம் எங்களுக்கு. எதை விடறீங்கன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க. பாட்டு சரியா நாலு நிமிஷம், மிச்சம் வெறும் பேச்சு. எல்லாரும் பேச்சைத்தான் விட்டுக் கொடுப்பாங்க."

அவள் முழுவதையும் கேட்டாள். கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி கேட்டாள்.

"பாட்டை எடுத்துக்குங்க சார்."

"அதுக்காகத்தானேம்மா வாங்கினீங்க?"

"ஆமா சார். எடுத்துக்குங்க."

தாவீது பாட்டை வெட்டியெடுத்து, மீதியை ஒட்டிக் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் சுடர்க்கொடி அதை வாக்மேனில் போட்டுக் கேட்டாள். அம்மா சுருதி சேர்த்தாள், தொண்டையைச் செருமினாள். உடனே, "சுடரு, பாயில்லாமத் தூங்காதடி. எழுந்து ரெண்டு வாய் சாப்பிட்டுப் படு" என்றாள்.