அஞ்சரை மணி அலாரம்

"தம்பி, காலையில சூரியன் எத்தனை மணிக்கு வரும்?"

பெட்டியைக் கீழே வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி இதுதான். பஸ் தாமதம். விளக்கு வெச்ச பிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் என் லாட்ஜுக்கு வந்து சேர்ந்தாங்க.

"ஆறு, ஆறே காலுக்கு வந்துடும் சார்."

"அது கடல்லேர்ந்து மேலே வர்றதைப் பார்க்கணும். கல்யாணமான புதுசுல இவளுக்குக் கொடுத்த வாக்கு. முப்பத்தொரு வருஷமா இழுத்துக்கிட்டே போச்சு. போன மாசம்தான் ரிட்டையர் ஆனேன்."

"எந்த ஆபீஸ் சார்?"

"ஆபீஸ் இல்ல, ஸ்கூல். புவியியல் வாத்தியார்."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. எங்க ஊர்ல கடல் மேற்கே இருக்கு. சூரியன் சாயங்காலம் அதுல விழும். காலையில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஐஸ் ஃபேக்டரி கூரை மேல வரும். இவர்கிட்ட படிச்ச பிள்ளைங்க ஒழுங்கா வீடு போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

வாத்தியார் அதோட விடல. என்னையும், டீ கொண்டு வந்த எதிர்க்கடைக்காரரையும் நிக்க வெச்சுப் பாடம் எடுத்தார். என் மேஜையில இருந்த டார்ச் லைட்தான் சூரியன். பேப்பர் வெயிட்தான் பூமி. சாவிக்கொத்து என்னன்னு கடைசி வரைக்கும் புரியல.

"நாளைக்குக் காலையில, அதோ" என்று அலைச்சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினார். "அங்கேர்ந்து செக்கச்செவேல்னு வரும் பாருங்க."

டீக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடினார். அந்தம்மா என்னை ஒரு முறை முறைச்சாங்க. நான் ரிஜிஸ்டருக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன்.

அவங்க மாடிக்குப் போனதும் டீக்கடைக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே திரும்பி வந்தார்.

"ஏம்ப்பா, அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடலாமே?"

"சும்மா இருங்க. ஆசையா வந்த மனுஷன். மனசு நோகும்."

கொஞ்ச நேரத்துல அந்தம்மா மட்டும் தண்ணி பிடிக்கிற சாக்குல கீழே வந்தாங்க.

"தம்பி, கடல் இங்க மேற்குப் பக்கமாமே? பஸ்ல கண்டக்டர் சொன்னார்."

"ஆமாம்மா."

"அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க. இத்தனை வருஷம் பாடம் நடத்தினவர், கூனிக் குறுகிப் போயிடுவார்."

"நான் ஏம்மா வாயைத் திறக்கப் போறேன்? ஆனா காலையில பீச்சுக்குப் போனா தானே தெரிஞ்சுடுமே."

"போனாத்தானே? அஞ்சரைக்கு அலாரம் வெச்சிருக்கார். அடிச்ச கையோட அமுக்கிடுவேன்."

"அப்புறம் திட்டு யாருக்கு?"

"எனக்குத்தான். எனக்கென்ன அது புதுசா?" சிரிச்சுக்கிட்டே மேலே போனாங்க.

காலையில எட்டு மணிக்கு மாடிப்படியே அதிர்ந்தது.

"ஒரு அலாரம். ஒரே ஒரு அலாரத்தைப் பார்த்துக்கத் துப்பில்ல உனக்கு."

"தூங்கிட்டேங்க. என் தப்புதான்."

"இன்னும் அரை மணியில பஸ். இனிமே எங்கே போய்ப் பார்க்கிறது? முப்பத்தொரு வருஷம் காத்திருந்து, கடைசியில குறட்டை விட்டுக் கோட்டை விட்டியே."

மத்த ரூம்காரங்க எல்லாம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. கிழக்கு மேற்கு தெரியாத மனுஷனுக்கு வாயைப் பாரு. அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னதைப் பார்க்கவே பாவமா இருந்தது. எல்லாத்தையும் போட்டு உடைச்சுடலாம்னு நாக்கு துடிச்சது, அந்தம்மாவுக்காக அடக்கிக்கிட்டேன்.

அவங்க கைப்பையோட வாசலுக்குப் போக, வாத்தியார் சாவியைக் கொடுக்க என்கிட்ட வந்தார்.

"என்ன இருந்தாலும் அம்மாவை நாலு பேர் முன்னாடி இப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்."

அவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். குரல் சட்டுனு இறங்கிடுச்சு.

"நான் திட்டலைன்னா, ஏன் இவர் சும்மா இருக்கார்னு யோசிப்பா. யோசிச்சான்னா கண்டுபிடிச்சுடுவா."

"எதை சார்?"

"கடல் மேற்கே இருக்குன்னு."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்? நேத்து பஸ்ஸை விட்டு இறங்கினப்ப கடல் பக்கம் மட்டும்தான் வானத்துல வெளிச்சம் மிச்சம் இருந்தது. அப்பவே புரிஞ்சுபோச்சு. அலாரத்தை அமுக்கணும்னே விடிய விடிய முழிச்சுக் கிடந்தேன். நான் கையை நீட்டறதுக்குள்ள இவ தூக்கக் கலக்கத்துல அமுக்கிட்டா. நல்லதாப் போச்சு."

"ஓஹோ."

"பாவம், தெருவுல இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கா. அவளுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க."

எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, ஒரே கட்டில்ல, ராத்திரி பூரா ரெண்டு பேரும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்திருக்காங்க.

"சத்தியமா மூச்சு விட மாட்டேன் சார்." நெஞ்சுல கையை வெச்சுச் சொன்னேன்.

"விட மாட்டீங்க, தெரியும்." வாத்தியார் பெட்டியைத் தூக்கிக்கிட்டார். "வரைபடத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். அதனாலதான் போன் பண்ணிக் கேட்டேன். 'நம்ம லாட்ஜ்ல கட்டில்ல படுத்துக்கிட்டே கடல்ல சூரிய உதயம் பார்க்கலாம், தைரியமா வாங்க'ன்னு சொன்னது இதே குரல்தானே தம்பி?"