வித்தியாசம் பூஜ்யம்

பள்ளியின் மாணவர் பட்டியலைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்றுவது என் வேலை. இரண்டு பட்டியலும் புரோகிராமில் டிக்‌ஷனரி என்கிற வகை; கீயைக் கொடுத்தால் அதற்குரிய விவரம் வரும். மாணவரின் எண்தான் கீ. பெயர், வகுப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். கீக்களை மட்டும் ஒப்பிட்டு, வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

ஒன்று என்று வந்தது. 2173 பழையதில் இருந்தது, புதியதில் இல்லை. ஏன் என்று தேடச் சோம்பலாக இருந்தது. பழையதிலிருந்தும் அழித்தேன். பூஜ்யம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதே பள்ளியில் டீச்சராக இருக்கும் அக்கா அடுத்த வாரம் சாப்பிடும்போது சொன்னாள்: "என் வகுப்புல ஒரு பை நாலு நாளா கிடக்குதுடா. எல்லாரும் எங்களுது இல்லைங்குறாங்க. சாயங்காலம் ஒரு அம்மா வேற கேட்ல வந்து நிக்கிறாங்க. யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்கன்னா முழிக்கிறாங்க."

"மறதியா இருக்கும்."

"ஆமா, எல்லாரும் உன்னை மாதிரியே இருப்பாங்களா? தட்டைப் பார்த்துச் சாப்பிடு."

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் அந்த அம்மா கேட்டில் நின்றிருந்தார். கையில் ஒரு சின்ன ரெயின்கோட். நான் பட்டியல் போடுகிறவன் என்று வாட்ச்மேன் அவரிடம் சொன்னார்.

"தம்பி, எல்லார் பேரும் உங்ககிட்ட இருக்காமே. என் பிள்ளை பேரை மட்டும் சொல்லுங்க. கூப்பிட்டா வந்துடும்."

அழிக்கும் முன் நான் 2173-ஐத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த எண்ணைச் சொன்னேன்.

அவர் காலி மைதானத்தைப் பார்த்து அதையே சத்தமாகக் கூப்பிடத் தொடங்கினார்.