பாரம்பரிய வளைவு

மலைச்சைக்கிள் பந்தயத்துக்காகக் காட்டுக்குள் வெட்டிய பாதையில், பள்ளத்தை ஒட்டிய வளைவில், ரங்கியின் கையில் பச்சைக்கொடியைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். சைக்கிள்கள் தாவிக் குதிக்கத் தோதாக அங்கே வரிசையாகக் கற்கள் இருந்தன.

"செத்தவங்களுக்கு நாங்க நட்ட கல்லுங்க சார். அந்தக் கடைசிக் கல்லு எங்க வீட்டுக்காரர். அதுக்கு முந்தினது எங்க மாமியா."

"அடடே, இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

நெகிழ்ந்துபோன சைக்கிள் சங்கத் தலைவர், 'பாரம்பரிய வளைவு' என்று ஒலிபெருக்கியில் அதற்குப் பெயர் சூட்டினார். கைதட்டினார்கள்.

முதல் சைக்கிளே மண் இறுகாத அந்தக் கடைசிக் கல்லில் இடித்தது. ஓட்டியவன் புதரில் விழுந்தான். கல் பள்ளத்தில் உருண்டது. சத்தம் அடங்க வெகுநேரமாயிற்று. ரங்கி எட்டிப் பார்த்தபடியே நின்றாள்.

தலைவர் ஓடிவந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். "கல்லுதாம்மா விழுந்திருக்கு. ஆளுக்கு ஒண்ணுமில்ல. நீ கொடியை ஆட்டு."

அடுத்த சைக்கிள் அவள் மாமியாரை நோக்கி வந்துகொண்டிருந்தது.