சோணையைத் தூக்கு!

"சோணையை விட்டுத் தொலை மாப்ளே! பாலத்துக்கு ஓடு!"

அருண்பாண்டி கத்திய கத்தலில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்தே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் போடியில் ஈஸ்வர் வீட்டு மாடி அறையில் இரண்டாம் உலகப் போர்தான். ஈஸ்வருக்கு ஏலக்காய் ஸ்டோரில் லீவு. அருண்பாண்டி ஓட்டுகிற எஸ்டேட் ஜீப்புக்கும் லீவு. நண்பர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆன்லைன் ஆட்டம். நாலு பேர் ஒரு படை, எதிரேயும் நாலு பேர். பாலத்தில் முதலில் கொடி ஏற்றுகிற படைக்கு ஜெயம். குண்டடி பட்டு விழுந்தவனைக் கூட்டாளி ஓடிப்போய்த் தூக்கிவிட்டால் எழுந்துகொள்வான். இல்லையென்றால் கதை முடிந்தது.

இவர்கள் படையில் மற்ற இரண்டு பேரும் முகம் தெரியாதவர்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள். ஒருத்தன் பெயர் ஈட்டி. மைக் ரிப்பேர் என்று எல்லாவற்றையும் எழுதித்தான் சொல்வான். ஆனால் வைத்த குறி தப்பாது. இன்னொருத்தன் சோணை. பேசவும் மாட்டான், எழுதவும் மாட்டான். ஆட்டம் ஆரம்பித்ததும் முதல் வேலையாக விழுவான், அவ்வளவுதான்.

இன்றைக்கு எதிரே மதுரைப் படை. இவர்கள் ஒரு தடவைகூட ஜெயிக்காத படை. பாலமோ இதோ, எட்டிப் பிடிக்கிற தூரத்தில். சோணை வழக்கம்போல் விழுந்து கிடந்தான்.

திரையில் ஈட்டியின் எழுத்து வந்தது. 'சோணையை விடுங்க ஈஸ்வர். சுத்த தண்டம். நாம போவோம்.'

"பாத்தியா, ஈட்டியே சொல்றான்!"

"எவன் சொன்னா என்னடா? நம்மளை நம்பி வந்து சேந்த ஆளு. விட்டுட்டு நான் போக மாட்டேன்," என்ற ஈஸ்வர், புகைக்குண்டை வீசிவிட்டுத் தவழ்ந்து போய் சோணையைத் தூக்கி நிறுத்தினான்.

சோணை எழுந்தான். இரண்டடி நடந்தான். மறுபடியும் பொத்தென்று விழுந்தான். அதற்குள் மதுரைக்காரர்கள் கொடியை ஏற்றிவிட்டார்கள்.

"போச்சு! எல்லாம் போச்சு!" அருண்பாண்டி போனைக் கட்டிலில் எறிந்தான்.

ஈஸ்வர் அசரவே இல்லை. மைக்கில், "சோணை அண்ணே, ஒண்ணும் வருத்தப்படாதீங்க. அடுத்த வாரம் சுவரை ஒட்டியே என் பின்னாடி வாங்க, ஜெயிச்சிரலாம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனை அணைத்தான்.

"நீ திருந்தவே மாட்டே. சரி, ராசிங்காபுரத்துல இருந்து சேதி ஏதும் வந்துச்சா?"

அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஈஸ்வரின் முகம் வாடிவிட்டது. ராசிங்காபுரத்துக்குப் போய் பவித்ராவைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண் வீட்டிலோ, 'மாப்பிள்ளையைப் பத்தி விசாரிச்சுட்டுச் சொல்றோம்' என்று சொல்லியிருந்தார்கள்.

"ஒருத்தரும் விசாரிக்கவே வரலைடா. அந்தப் பொண்ணு இல்லேன்னு ஆயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்னே தெரியலை."

"நானும் டீக்கடை பிரபுகிட்ட சொல்லி வெச்சேன். ஜீப்புல வர்ற எஸ்டேட் பொம்பளைங்ககிட்ட சொல்லி வெச்சேன். போடிமெட்டு ஏறி இறங்குற வரைக்கும் உன் புகழ்தான். கேக்கத்தான் ஒரு நாதியில்லை." அருண்பாண்டிக்குக் கோபம் பொங்கியது. "எப்படி வருவாங்க? பொழுதுபோக்கு என்னன்னு பொண்ணு கேட்டா, புஸ்தகம் படிப்பேன்னு சொல்லாம, இந்தக் கேம் பேரு, இதுல உன் பேரு, எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டு வந்திருக்கே கூமுட்டை!"

"கட்டிக்கப் போறவகிட்ட பொய்யா சொல்றது? நான் இப்படித்தான். பிடிச்சா வரட்டும்."

வீறாப்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, கீழே அம்மாவின் போன் அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டான்.

கீழேயிருந்து அம்மா செல்லக்கிளி கூப்பிட்டாள். "ஏப்பு ஈஸ்வரா! வெரசா இறங்கி வா! ராசிங்காபுரத்துல இருந்து போனு!"

மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினான். அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"சம்மதமாம்ப்பு! நல்லா விசாரிச்சாச்சாம், பையன் தங்கம்னு அவுக அப்பாவே சொல்றாரு. இந்தா பேசு, பொண்ணு உன்கிட்டப் பேசணுமாம்."

ஈஸ்வர் போனை வாங்கினான்.

"நான் பவித்ரா பேசுறேன். உங்களுக்குச் சந்தோஷந்தானே?"

"சந்தோஷமான்னா கேக்குறீங்க? கூரையைப் பிச்சுக்கிட்டுக் குதிக்கணும் போல இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். எங்க தெருப்பக்கம் உங்க ஆளுக ஒருத்தர்கூட வரலையே, யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"உங்ககிட்டயேதான். 'சோணையை விடுங்க, சோணையை விடுங்க'ன்னு ரெண்டு வாரமா எழுதி எழுதி என் விரலே தேஞ்சுபோச்சு. நீங்க விட்டாத்தானே!"

"அப்ப... ஈட்டிங்கிறது..."

"நான்தான்."

"அய்யோ! அப்ப அந்தச் சோணை?"

"விழுறதுக்கு ஒரு ஆளு வேணாமா? எங்கப்பாவைத்தான் பக்கத்துல உக்கார வெச்சேன்!"